தொட்டியில் வளரும் பனை வகைகள்: வேரும் தொட்டி மாற்றமும் (அனுபவப் பகிர்வு)

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டு முற்றத்தில் பல ஆண்டுகளாகத் தொட்டியில் வளர்ந்துவந்த ஃபாக்ஸ்டெயில் பாம் என்ற அழகுப் பனையை இந்த ஆனியில் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். தொட்டி மாற்றும்போது வேரைக் கழித்துவிட வேண்டும் என்று எலுமிச்சைக்கும் போகன்வில்லாவுக்கும் சொல்லும் அறிவுரையைப் பலர் பனைக் குடும்பத்துக்கும் அப்படியே சொல்லிவிடுவதால், கண்டதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதைச் செடியே காட்டியது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே வெளியேறியது. அடித்தண்டு நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றது. அதைச் சுற்றி மண்மட்டத்துக்கு மேலேயே புதுவேர்கள் முண்டுமுண்டாகத் தலைகாட்டின. அடியில் சுருண்டு நெருங்கிய வேர்கள் செடியையே மேலே தள்ளுவதால் இப்படி ஆகிறது. தொட்டியை உடைத்து எடுத்தபோது மண்ணைவிட வேரே மிகுதியாக இருந்தது. உதவிக்கு வந்த தோட்டக்காரர், கீழ்ப்பகுதியை அறுத்துவிட்டால் புதுவேர் நன்றாக வரும் என்று கத்தியை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

பனைக் குடும்பத்தில் முதல் வேர் நாற்றுப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. பிறகு வருபவை எல்லாம் அடித்தண்டிலிருந்து தனித்தனியே புறப்படும் வேர்கள். புறப்படும்போது இருந்த பருமனிலேயே அவை கடைசிவரை இருக்கும். வேம்போ அரசோ தொட்டியில் வேர் சுருண்டு வளர்ந்தால், பின்னாளில் அந்த வேர் தடித்துத் தண்டையே நெரித்துவிடக்கூடும். பனை வகைகளில் வேர் தடிப்பதில்லை என்பதால் அந்த அபாயம் இல்லை. ஆகவே சுருண்ட வேரை அவிழ்ப்பதால் பயனில்லை, அறுப்பதால் இழப்பு உண்டு. அந்த இழப்பும் இனத்துக்கு இனம் மாறும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பிராஷாட், டான்செல்மன் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறையப் பாதி மீண்டும் கிளைத்தன. சபால் பாம் என்ற இன்னொரு பனை இனத்தில் அநேகமாக எல்லாமே மடிந்தன. சபால் போன்ற இனம் அடித்தண்டிலிருந்து புதுவேர் விடும்வரை, தண்டில் இருக்கும் சேமிப்பைக் கொண்டே காலம் தள்ள வேண்டும்.

அழுகிய வேரை நீக்கத்தான் வேண்டும். ஆனால் பழுப்பாக இருப்பதாலேயே வேர் செத்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தோம். உறுதியாக நின்றவற்றைத் தொடவில்லை. தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சியவற்றைக் கழித்தோம். மற்றபடி வேர்க்கட்டு முழுதாகவே புதிய தொட்டிக்குள் இறங்கியது.

புதிய தொட்டி பழையதைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் மட்டுமே பெரியது. வேர் எட்டாத மண் மிகுதியாக இருந்தால் ஈரம் தங்கி அழுகலுக்கு இடம் கொடுக்கும். செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் ஆகியவற்றோடு தென்னை நார்க்கழிவையும் கலந்தோம்; நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் அதைப் பலமுறை அலசிய பிறகே சேர்த்தோம். வெளியே தெரிந்த புதுவேர்கள் மறையும் அளவுக்குத்தான் மண் இட்டோம். தண்டு புதையும்படி ஆழமாக வைத்தால் வேர்கள் காற்றின்றி நலியும், நுண்சத்துக் குறைபாட்டில் குருத்தும் சுருங்கி வரும். செடி ஆடாமல் நிற்க வேண்டும் என்று ஆழமாக வைப்பவர்கள், அதற்குப் பதில் ஒரு முட்டுக்கோல் கட்டுவதே நல்லது.

ஆனியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பனை வகைகள் மண் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் வேகமாக வேர் விடும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் புதிய மண்ணை வேர் பிடித்துக்கொண்டால், தண்ணீர் தேங்கும் பயம் குறையும்.

மதுரையிலிருந்து:

ஐயா எழுதியதோடு அரிக்கா பாம் பற்றியும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். நர்சரியில் ஒரே புதராக விற்கும் அரிக்கா பெரும்பாலும் பல நாற்றுகளைச் சேர்த்து நட்டதுதான். தொட்டி நிறைந்ததும் அதைப் பிரித்து நாலைந்து செடிகளாக்கும் ஆசை வருவது இயல்பே. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிப் பிரித்தார்கள். பின்னிக்கிடந்த வேர்கள் கிழிந்து, வாரக்கணக்கில் மட்டைகள் காய்ந்துகொண்டே போய், பாதிச் செடிகள்தான் மிஞ்சின. புதரை அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றுவதே நல்லது.

ரேபிஸ் பாம் இதற்கு விலக்கு. மண்ணுக்கடியில் பக்கத்தண்டு ஓடிக் கன்று விடும் இனம் என்பதால், சொந்த வேர் பிடித்த கன்றைக் கூரிய கத்தியால் பிரித்து வைத்தால் பிழைத்துக்கொள்கிறது. எங்கள் மாடியில் இருப்பவை அப்படி வந்தவைதான். புதிய குருத்து விரியும்வரை நிழலில் வைத்திருந்தேன், உரம் எதுவும் இடவில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

மதுரை அம்மா சொன்னதை ஏற்கிறேன். நம் பனையைத் தொட்டியில் வளர்க்க விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனங்கொட்டை முளைக்கும்போது கருவை ஒரு குழல் போன்ற உறுப்பு கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கிழங்கு அங்கேதான் பருக்கிறது, முதல் ஓலை பிறகுதான் மேலே வருகிறது. பனங்கிழங்கு தோண்டியவர்களுக்கு அந்த ஆழம் தெரியும். சாதாரண நாற்றுப்பையில் போட்ட கொட்டையின் முளை அடியில் முட்டி வளைந்துவிடுகிறது. நான் நீளமான பிளாஸ்டிக் குழாயை வெட்டி, அடியில் வலை கட்டி விதைக்கிறேன், நேராக இறங்குகிறது. மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா பாமும் இப்படியே முளைப்பதால் அதற்கும் இதே முறைதான்.

இப்படி வளர்த்த பனையைக் குழாயிலிருந்து உருவி எடுக்கக் கூடாது. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் திறந்து, மண் உதிராமல் குழிக்குள் வைக்க வேண்டும். இடம் இருப்பவர்கள் கொட்டையை நேரே நிலத்தில் ஊன்றிவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது.