ஆல்தோ போட்டா பட் ஏன் போடக்கூடாது?

சிப்புட் அம்மா:
வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்த ஒட்டின தாமான்ல, அதான் வீடமைப்புப் பகுதியில, இருக்கோம். மக இந்த வருஷம் எஸ்பிஎம், பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை. 1119, அதான் இங்கிலீஷ் பாடம், அதுல ரெண்டாவது பேப்பருக்குக் கட்டுரை எழுதிப் பழகுறா. பாட்டி ரப்பர் மரத்துல பால் வெட்டுன கதைய எழுதினா, அதுல "ஆல்தோ இட் வாஸ் ஸ்டில் டார்க், பட் மை கிராண்ட்மா வென்ட் டு வொர்க்"னு ஒரு வரி, டீச்சர் அந்த "பட்"ட சிவப்புல வட்டம் போட்டுட்டாங்க, கீழ "டெஸ்பைட் ஆஃப் த டார்க்னஸ்"லயும் ஒரு வட்டம், ஏன்னு ஒண்ணும் எழுதல. நான் மூணாம் பாரத்தோட படிப்ப நிறுத்தினவ, சொல்லிக் கொடுக்கத் தெரியல. எல்லாம் ஒரே அர்த்தம்தானே?

டியூசன் அக்கா:
தங்கச்சி, அந்த வரிய தமிழ்ல சொல்லிப் பாருங்க. "இருட்டா இருந்தாலும் பாட்டி வேலைக்குப் போனாங்க." இருந்தாலும்ல வர்ற அந்த ஆலும்தான் ஆல்தோ. அதுக்கு மேல "ஆனா பாட்டி போனாங்க"ன்னு சொன்னா நம்ம காதுக்கே இடிக்குதுல்ல, அதேதான் இங்கிலீஷ்லயும். ரெண்டுல ஒண்ண எடுத்துடச் சொல்லுங்க, எத எடுத்தாலும் சரி. மலாய்லயும் வாலாவ்பூன் போட்டா தெத்தாப்பி போடாதேன்னுதான் சொல்லிக் கொடுப்போம், பேச்சுப் பழக்கம் எழுத்துல வந்துடுது, பிள்ள மேல தப்பில்ல.

இன் ஸ்பைட் ஆஃப்க்கு ஆஃப் உண்டு, டெஸ்பைட்டுக்குக் கிடையாது, அர்த்தம் ஒண்ணுதான். ஆனா ஆல்தோவுக்குப் பின்னால முழு வாக்கியம் வரணும், இந்த ரெண்டுக்கும் பின்னால பெயர்ச்சொல்தான், இல்லன்னா "டெஸ்பைட் பீயிங் டயர்ட்" மாதிரி ஐஎன்ஜி வச்சு எழுதணும்.

பிகாஸும் இப்படித்தான், இத நல்லா மனசுல வைக்கச் சொல்லுங்க. மழை வந்தா பால் வெட்ட மாட்டாங்க இல்லயா, பட்டை ஈரமா இருந்தா பால் கோப்பைக்குப் போகாம மரத்துல வழிஞ்சிடும். "மழை பேஞ்சதால வெட்டல", இது பிகாஸ் இட் ரெய்ன்ட். "மழையால வெட்டல", இது பிகாஸ் ஆஃப் த ரெய்ன். தமிழ்ல நாம தானா மாத்திச் சொல்லிடுறோம் பாருங்க!

கிராணி:
அக்கா, சின்ஸையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. நான் செம்பனைத் தோட்ட ஆபீஸ்ல கிராணியா, அதான் கிளார்க்கா, சேர்ந்த புதுசுல "சின்ஸ் த லாரி புரோக் டவுன், வீ ஹேவ் நாட் சென்ட் எனி ஃபுரூட்"னு மேனேஜருக்கு எழுதினேன். லாரி கெட்டதாலன்னு நான் நினைச்சு எழுதுனது, அவர் கெட்டதுல இருந்துன்னு படிச்சுட்டு எத்தன நாளா செம்பனைக் குலை கிடக்குதுன்னு போன்லயே சத்தம் போட்டார், அன்னிக்குக் காலையிலதான் லாரியே நின்னுச்சு. காரணம் சொல்லணும்னா நான் இப்ப பிகாஸ்தான் போடுறேன்.

ஹவ்எவர் பட் மாதிரிதான், ஆனா கமா போட்டு ரெண்டு வாக்கியத்த அதால ஒட்ட முடியாது. முன்னால முற்றுப்புள்ளி, பின்னால கமா.

சிப்புட் அம்மா:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி தம்பி. மழையால, மழை பேஞ்சதாலன்னு சொன்னதுமே மக புரிஞ்சுக்கிட்டு அஞ்சாறு வரி அவளே எழுதிட்டா, பக்கத்துல உக்காந்து நானும் படிச்சேன். இன்னொண்ணு கேக்குறா, தோவும் ஆல்தோவும் ஒண்ணா?

டியூசன் அக்கா:
முன்னால வந்தா ஒண்ணுதான். வாக்கியக் கடைசியில "ஐ லைக்ட் இட், தோ"ன்னு தோ மட்டும்தான் வரும், ஆல்தோ அங்க நிக்காது. அது பேச்சு நடை, மூணாவது பேப்பர் ஸ்பீக்கிங்ல தாராளமா சொல்லட்டும், கட்டுரைல வேணாம்.