‘டூயல் கிராஃபிக்ஸ்’: எந்த இரட்டை?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘டூயல் கிராஃபிக்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி மாட்டிக்கொண்டு நாலு நாளாக முழிக்கிறேன். சொல்லோடு ஒரு மடிக்கணினியும் சேர்ந்து வந்துவிட்டதால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேம் ஆட ஒரு லேப்டாப் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. (படிப்புக்கும் ஆகும் சித்தி என்பான்.) போன சனிக்கிழமை கடைக்குப் போனோம். விற்பனையாளர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று ‘சிங்கிள் கிராஃபிக்ஸ்’, மற்றது ‘டூயல் கிராஃபிக்ஸ்’. டூயலுக்கு விலை ஏகத்துக்குக் கூடுதல். “ரெண்டு கார்டு மேடம். ரெண்டும் சேர்ந்து ஓடும், டபுள் பவர்” என்றார். பையனுக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். வரைகலைச் சில்லுகளுக்கு ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு கட்டங்கள் இருந்தது உண்மைதான். முதலாவது இன்டெல், இரண்டாவது என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060. கடையில் ஏற்றி வைத்திருந்த கார் பந்தயத்தை ஓடவிட்டுப் பார்த்தோம். ஜிபியு 1, 97 விழுக்காட்டில் முட்டிக்கொண்டு நின்றது. ஜிபியு 0 பத்தைக்கூடத் தாண்டவில்லை. பந்தயத்தை மூடியதும் ஜிபியு 1 பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இதில் எங்கே சேர்ந்து ஓடுகிறது? கேட்பதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். ‘சிங்கிள்’ என்று காட்டியதில் இன்டெல் மட்டும்தான். அதில் அந்தப் பந்தயம் நகரவே இல்லை.

வீட்டுக்கு வந்து, செய்துகொண்டிருக்கும் தமிழாக்கக் கோப்பைத் திறந்தால் அங்கேயும் இதே வம்பு. லினக்ஸில் க்னோம் பணிச்சூழலில் ஒரு செயலியின் படவுருவை வலச்சொடுக்கினால் ‘லாஞ்ச் யூசிங் டிஸ்க்ரீட் கிராஃபிக்ஸ் கார்டு’ என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். இதற்கென்று நான் எழுதும் உதவிக் குறிப்பில் டூயல் கிராஃபிக்ஸும் வருகிறது. ‘இரட்டை வரைகலை அட்டை’ என்று முன்பே போட்டு வைத்திருந்தேன். இப்போது அதைப் பார்த்தால் கடைக்காரர் சொன்ன பொய்யை நானும் தமிழில் சொல்வது போல இருக்கிறது.

என்ன போடலாம்?

(மதுரை)

* * *

அன்புள்ள அம்மா,

முதலில் ‘வரைகலை அட்டை’யைச் சுருக்கலாம். செயல், செயலி ஆனது போல வரைவு, வரைவி ஆகட்டும். மூன்றே எழுத்தில் முடிகிறது. முன்னொட்டு எதைச் சேர்த்தாலும் தாங்கும்: ப்ராசசருக்குள்ளேயே இருப்பது உள்வரைவி, தனியாக இருப்பது தனிவரைவி.

ஒரு எச்சரிக்கை. பழந்தமிழில் வரைவு என்றால் திருமணம். காலம் கடத்தும் தலைவனிடம் ‘எப்போது மணப்பாய்’ என்று தோழி நெருக்குவதற்கு வரைவு கடாதல் என்று பெயர். ‘இரட்டை வரைவு மடிக்கணினி’ என்று யாராவது எழுதப்போக, என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வேறு மாதிரி படித்துத் தொலைப்போம். வரைவி என்று இகரம் ஏறிய வடிவத்தில் அந்த ஆபத்து இல்லை.

> இரட்டை வரைகலை அட்டை

உங்கள் சந்தேகம் சரிதான். இரட்டை மாட்டு வண்டியில் இரண்டு மாடும் ஒரே நுகத்தடியில், ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே பாரத்தை இழுக்கும். வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போகிற மாட்டையும் எண்ணி ‘இரட்டை மாட்டு வண்டி’ என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. உங்கள் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

உண்மையிலேயே இரண்டு சேர்ந்து இழுக்கும் வகை உண்டா? உண்டென்றால் அதற்குப் ‘பிணைவரைவி’ என்று சொல்லலாம். சூடடிக்கும் களத்தில் மாடுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டுவது பிணையல்.

இன்னொன்று: மடிக்கணினிக்குள் இருப்பது அட்டைதானா? திறந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

(திருநெல்வேலி)

* * *

ஐயா, அக்கா, வணக்கமுங்க.

நான் தமிழ் படிச்சவன் இல்லை. கோயமுத்தூர்ல 18 வருசமா லேப்டாப் சர்வீஸ். திறந்து பார்த்தவங்கன்னு ஐயா கேட்டதால எழுதறேன்.

அட்டையான்னு கேட்டீங்க. முன்னாடி பெரிய கேமிங் மெஷின்ல நெசமாவே அட்டைதான். எம்எக்ஸ்எம்னு ஒரு வகை, உள்ளங்கை அளவு இருக்கும், ஸ்குரூ கழட்டுனா கையோட வந்துரும். இப்ப வர்றதுல பெரும்பாலும் தாய்ப்பலகையிலயே பத்தவெச்ச சில்லுங்க. அட்டைன்னு சொல்லணும்னா அட்டைப்பூச்சின்னுதான் சொல்லணும், ஒட்டுனா விடாது. அதனால வரைவிக்கு என் ஓட்டு.

சேர்ந்து இழுக்கற வகை உண்டுங்க ஐயா. 1998-ல 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ2 கார்டு ரெண்டை டெஸ்க்டாப்ல போட்டா திரையில ஒத்தப்படை வரியெல்லாம் ஒண்ணு வரையும், ரெட்டப்படை வரியை இன்னொண்ணு வரையும். எஸ்எல்ஐன்னு பேரு. அந்தக் கம்பெனி சொத்தை என்விடியா வாங்கி, 2004-ல அதே மூணு எழுத்துக்கு வேற விரிவு கொடுத்து இறக்குனாங்க. அடுத்த வருசம் போட்டிக் கம்பெனி ஏடிஐ பக்கம் அதே மாதிரி கிராஸ்ஃபயர். அது அப்படியே லேப்டாப்புக்கும் வந்துச்சு. 2017-ல ஏசர் பிரிடேட்டர் 21 எக்ஸ்னு ஒண்ணு வந்துச்சுங்க, ஜிடிஎக்ஸ் 1080 ரெண்டு, வளைஞ்ச 21 இன்ச் திரை, எட்டு கிலோவுக்கு மேல எடை, அடாப்டரே ரெண்டு. விலை 8,999 டாலர். மடியில வெச்சா தொடை போயிரும்.

நான் கையில தொட்டது அதுக்கும் முந்தின 18 இன்ச் மெஷின் ஒண்ணு. அடிமூடியைக் கழட்டுனா இடது பக்கம் ஒரு கார்டு, வலது பக்கம் ஒரு கார்டு, ரெண்டுக்கும் நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு ரிப்பன் கேபிள். விசிறி வாயில தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருந்துச்சு, உரிச்சா ஒரே துண்டா வந்துச்சு. சுத்தம் பண்ணி, பேஸ்ட் மாத்திக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல திரும்பி வந்துட்டாரு. ‘எஃப்பிஎஸ் 60 காட்டுது, ஆனா படம் திக்குது’ன்னாரு. (எஃப்பிஎஸ்னா நொடிக்கு எத்தனை படச்சட்டம்னு கணக்கு.) எஸ்எல்ஐயை அணைச்சு ஒத்தக் கார்டுல ஓடவிட்டேன். எஃப்பிஎஸ் குறைஞ்சுது, ஆனா படம் வழுக்கிட்டுப் போச்சு. அப்படியே விட்டுருங்கன்னு எடுத்துட்டுப் போனாரு. மத்தக் கார்டு சும்மா உள்ளுக்குள்ள உக்காந்திருக்கு.

காரணம் இதுதானுங்க. இந்தக் காலத்து எஸ்எல்ஐ பெரும்பாலும் வரி பிரிக்கறதில்லை. முதல் படச்சட்டத்தை ஒண்ணு வரையும், அடுத்ததை இன்னொண்ணு. 60 எஃப்பிஎஸ்னா 16.7 மில்லிநொடிக்கு ஒரு சட்டம் வரணும். ரெண்டு கார்டும் தாளம் தப்புனா ஒண்ணு 8-ல வரும், அடுத்தது 25-ல வரும். கூட்டிப் பார்த்தா சராசரி அதே 60. கண்ணுக்கு என்னமோ 40 மாதிரிதான் தெரியும். நினைவகமும் கூடாதுங்க. 8 ஜிபி கார்டு ரெண்டு போட்டாலும் 8-தான், ரெண்டுலயும் ஒரே சரக்கோட நகல்தான் இருக்கும். இப்ப வர்ற கேமெல்லாம் போன சட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்ததை வரையுது. போன சட்டம் பக்கத்துக் கார்டுல இருந்தா, அதை வாங்கிட்டு வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். 2021 ஜனவரியிலிருந்து பழைய கார்டுகளுக்குப் புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேமுக்கு ரெண்டு கார்டும் எப்படிச் சேரணும்கற அமைப்பு) போடறதை என்விடியா நிறுத்திட்டாங்க. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில அந்த இணைப்பே கிடையாது. அக்கா பார்த்த 4060-ஐ வெச்சு சேர்ந்து ஓட்டணும்னா அந்தக் கடைக்காரர்தான் ஓட்டணும்.

அக்கா பார்த்தது வேற வகை. 2010-ல என்விடியா ஆப்டிமஸ்னு கொண்டாந்தது. சாதா வேலைக்கு உள்ள இருக்கற இன்டெல், கேம் வந்தா என்விடியா எந்திரிக்கும். பேட்டரி நிக்கறதுக்காகச் செஞ்ச ஏற்பாடு. இதுல ஒரு நெளிவு இருக்கு. திரையோட கம்பி இன்டெல் பக்கம்தான் போகும். என்விடியா வரைஞ்ச படத்தை இன்டெல் கையில கொடுத்து, அதுதான் திரைக்கு அனுப்பும். அந்த நடையில கொஞ்சம் எஃப்பிஎஸ் போயிரும். அதுக்குத்தான் நல்ல மெஷின்ல மக்ஸ் ஸ்விட்ச் வெக்கறாங்க. அதை மாத்துனா திரைக் கம்பி நேரா என்விடியாவுக்குப் போயிரும்.

இன்னொரு கூத்தும் இருக்குங்க ஐயா. 2011-ல ஏஎம்டி, ப்ராசசருக்குள்ள இருக்கற ரேடியான் சில்லையும் வெளிய இருக்கற ரேடியான் சில்லையும் சேர்த்து ஓட்டுனாங்க. அதுக்கு அவங்க வெச்ச பேரே டூயல் கிராஃபிக்ஸ்தான். உங்க நுகத்தடியில ஒரு பக்கம் காங்கேயம் காளை, மறுபக்கம் கன்னுக்குட்டி. எப்படி ஓடியிருக்கும்னு நீங்களே பார்த்துக்குங்க.

கடைசியா, பிணைவரைவி வேண்டாமுங்க. ஜாமீன்ல வந்த கார்டு மாதிரி இருக்கு. நாங்க ‘ஜோடிக் கார்டு’ன்னுதான் சொல்லுவோம்.

(கோவை)

* * *

வணக்கம் ஐயா, அக்கா, கோவை அண்ணா.

உள்வரைவி, தனிவரைவி இரண்டும் எனக்குச் சம்மதம். மக்ஸ் ஸ்விட்சைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நாங்கள் இங்கே பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஸ்விட்சுக்கு ஆளி என்ற சொல்லைத்தான் பாவிக்கிறோம். ஆனால் ஆளி என்றால் மூடுறதும் திறக்கிறதும்தான் முதலில் மனதுக்கு வரும். இது எந்த வழியால் வரவேண்டும் என்று தெரிவு செய்கிற விசயம் அல்லவா?

எங்கட தோட்டத்தில் அப்பா கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய்க்காலில் மறித்து மற்றதுக்கு விடுவார். அதைத் ‘தண்ணி மாறுறது’ என்போம். அப்படி ஏதாவது கிடைக்காதா?

(யாழ்ப்பாணம்)

* * *

மடைமாற்றி.

(திருநெல்வேலி)

* * *

எல்லோருக்கும் நன்றி. ஐயா ஒற்றைச் சொல்லில் மடல் போட்டு இந்தக் குழுவில் இதுவரை நான் பார்த்ததில்லை. மடைமாற்றியைக் கோப்பில் போட்டுவிட்டேன். பணத்தை, கவனத்தை எல்லாம் மடைமாற்றுகிறோம் என்று நாளிதழிலேயே வருகிறது. படிப்பவர் அகராதியைத் தேட வேண்டாம்.

உள்வரைவியும் தனிவரைவியும் உறுதி. ‘ஒருங்கிணைந்த வரைகலைச் செயலகம்’ என்று முன்பு போட்டிருந்ததைப் பட்டியில் (மெனுவில்) வைத்துப் பார்த்தேன். பாதி எழுத்து வெட்டுப்பட்டு ‘ஒருங்கிணைந்த வ…’ என்று நின்றது. உள்வரைவி முழுசாகத் தெரிகிறது.

கோவைத் தம்பி சொன்ன எஸ்எல்ஐ வகைக்குச் சோடிவரைவி என்று எழுதப்போகிறேன். ஐயாவுக்குப் பிணையலை விட மனசு வராது, தெரியும். ஆனாலும் ஜாமீன் நினைப்பு ஒருமுறை வந்த பிறகு எனக்கும் போகமாட்டேன் என்கிறது. ‘இணைவரைவி’யும் யோசித்தேன். இணையம், இணைப்பு என்று ஏற்கெனவே அந்த வேர்ச்சொல்லின் தலையில் ஏகப்பட்ட சுமை.

‘டூயல் கிராஃபிக்ஸ்’ என்பதற்கு மட்டும் கலைச்சொல் உண்டாக்கப்போவதில்லை. ஆங்கிலத்திலேயே அது மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளுக்குப் போர்த்திய ஒரே போர்வை. அதைத் தமிழில் ‘இரட்டை’ என்று ஒரு சொல்லாக ஆக்கினால் போர்வையைத்தான் மொழிபெயர்த்தவளாவேன். குறிப்பில் அந்த இடம் வரும்போது சோடிவரைவி என்றால் சோடிவரைவி என்றும், மற்றதை ‘உள்வரைவியும் தனிவரைவியும் கொண்ட மடிக்கணினி’ என்றும் விரித்தே எழுதுகிறேன். நாலு சொல் கூடும், கூடட்டும். ‘சிங்கிள்’ கதையும் இதேதான். கடைக்காரர் காட்டிய சிங்கிள், உள்வரைவி மட்டும் உள்ளது. தனிவரைவியைத் திரையோடு நேரே கட்டி, உள்வரைவியை அணைத்தே வைத்திருக்கும் பெரிய கேமிங் இயந்திரங்களும் சிங்கிள்தான். ஒன்று நொண்டி, மற்றது யானை. இரண்டுக்கும் ‘ஒற்றை’ என்று எப்படி எழுதுவது?

சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டு போனதில் ஒரு லாபம். நேற்று வேறு கடைக்குப் போய் சிங்கிளா டூயலா என்றே கேட்கவில்லை. தனிவரைவி எது, அதற்கு எத்தனை வாட் விடுகிறார்கள், மடைமாற்றி உண்டா, இந்த மூன்றும்தான். (வாட் கேள்வி தம்பி தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தது. ஒரே 4060 மடிக்கணினிச் சில்லை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாமாம். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மெல்லிய மடிக்கணினி செய்பவன் 35 பக்கம் தள்ளிவிடுவான்.) நான் பழக்கதோஷத்தில் ‘மடைமாற்றி இருக்கா’ என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு விநாடி யோசித்து, “மக்ஸ் ஸ்விட்சா மேடம்? இருக்கு” என்றாள். பையன் தலையில் அடித்துக்கொண்டான். வாங்கியாயிற்று.

பட்டி வரி ‘தனிவரைவியில் இயக்கு’ என்று இருக்கிறது. ‘தனிவரைவியில் திற’ என்றால் இன்னும் சின்னது, ஆனால் கோப்பைத் திறப்பது போலக் குழப்பும் என்று விட்டுவிட்டேன். எதிர்ப்பு இருப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள், திங்கள் காலையில் கோப்பை ஏற்றிவிடுவேன். சோடியா ஜோடியா என்ற சண்டைக்குத் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

(மதுரை)