கூர்ப்புப் படிச்ச பிள்ளை பொங்கலுக்கு வரலாமோ?

வயற்கரை:
மகள் இந்த வருசம் உயர்தரம், உயிரியல். போன கிழமை ரியூசனால வந்தவள் சைக்கிளை வேலியில சாத்திப்போட்டு, தண்ணியும் குடிக்காமல் கேட்டாள்: "அம்மா, கூர்ப்பு உண்மையெண்டால் நான் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வாறது பொய்யோ?" அண்டைக்கு வகுப்பில கூர்ப்புப் பாடமாம், உயிரினங்கள் காலப்போக்கில மாறி வந்த பரிணாமக் கதை. படிப்பிச்சவர் லாமாக், டார்வின், வலஸ் எண்டு எல்லாம் எழுதிப்போட்டு, "இது சோதினைக்கு எழுதிறதுக்கு, நம்ப வேணுமெண்டில்லை" எண்டு சொல்லி முடிச்சவராம். அந்தச் சொல்லுத்தான் அவளுக்குக் குத்தினது. சோதினைக்கு ஒரு உண்மை, வீட்டுக்கு ஒரு உண்மையோ எண்டு கேக்கிறாள். நான் இடம்பெயர்வில சாதாரணதரத்தோட படிப்பை விட்டனான். தெரிஞ்சவை சொல்லுங்கோ.

திருநீற்றுமடல்:
தங்கச்சி, பிள்ளையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். டார்வின் 1859இல் எழுதியதை மாணிக்கவாசக சுவாமிகள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பாடிவிட்டார். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகி" என்று நாங்கள் நாள்தோறும் ஓதும் சிவபுராணத்திலேயே இருக்கிறது. புல்லில் தொடங்கி மனிதரில் வந்து நிற்கிறதே, இது கூர்ப்பு இல்லாமல் வேறென்ன? முப்பது ஆண்டு சைவசமயம் கற்பித்தவன் நான். எங்கள் சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் முரண் இல்லை.

விதைநெல்:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அடுத்த வரியையும் சேர்த்து ஓதிப் பாருங்கள். "கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்." பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மனிதர், மனிதருக்குப் பிறகு பேய். ஊர்வன தோன்றி எவ்வளவோ காலம் கழிந்துதான் பறவை வந்தது என்று பாறைகள் சொல்கின்றன. சுவாமிகள் வரிசை சொல்ல வரவில்லை. ஓர் உயிர் உடம்பு உடம்பாக அலைந்து களைத்ததைப் பாடுகிறார். "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்பதில் அந்த "இளைத்தேன்" தான் பாட்டு. அதை டார்வினின் முன்னுரை ஆக்கினால் பாட்டும் போய்விடும், பாடமும் போய்விடும்.

கூர்ப்பில் ஓர் உயிர் இன்னொன்றாக மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் மாறுகிறது. நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன், எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். வயலில் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்குமே, கதிர் தள்ளும் வரைக்கும் அனுபவசாலிகளையே ஏமாற்றுமே, அதை எடுங்கள். அதன் காட்டுச் சொந்தக்காரப் புல் வரம்பிலே சரிந்து, தூர் சிவந்து, பார்த்தவுடன் பிடிபடும். வயலுக்குள் இருப்பது மட்டும் நெல்லைப் போல நிமிர்ந்து பச்சையாக நிற்கிறது. ஏன்? களை பிடுங்கிய கைகள் நெல்லைப் போல இல்லாததை எல்லாம் பிடுங்கின. தற்செயலாகக் கொஞ்சம் நெல்லின் சாயல் இருந்தது தப்பி விதை கொட்டியது. அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள். அதிலும் சாயல் கூடினது தப்பியது. வவிலோவ் என்ற ரஷ்ய அறிஞரின் பெயரில் இந்தப் போலி வேடத்துக்குப் பெயரே உண்டு. சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகைப் புல்லின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்குள் இது நடந்ததென்று 2019இல் எழுதியிருக்கிறார்கள்.

இதில் என்னை உலுக்கியது ஒன்று. அந்தப் புல்லை அழிக்க நினைத்த கைகள்தான் அதை உருவாக்கின. யாரும் திட்டமிடவில்லை, யாரும் விரும்பவும் இல்லை. எல்லா உயிரும் இப்படித்தான் வந்தது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, "படைத்தவர்" என்ற சொல்லுக்கு எங்கே வேலை? இணக்கம் என்பது எங்களை நாங்களே ஆற்றிக்கொள்வது. பிள்ளைக்கு அதைச் சொல்லாதீர்கள் அக்கா.

சாட்சிவிளக்கு:
விதைநெல் சகோதரனோடு ஒரு விசயத்தில் நானும் உடன்படுகிறேன். இரண்டும் சேராது. ஆனால் நான் நிற்பது மறுகரையில். ஆதியாகமத்தில் கர்த்தர் ஜீவன்களை ஜாதிஜாதியாகச் சிருஷ்டித்தார். புல் புல்லாகத்தானே இருக்கிறது, நெல்லாகிவிட்டதா? பாவத்தினாலே மரணம் வந்தது என்று வேதம் சொல்கிறது. ஆதாமுக்கு முன்னே கோடிக்கணக்கான வருசம் மிருகங்கள் செத்துச் செத்து விழுந்தன என்றால் மரணம் எதன் சம்பளம்? ஆதாம் வெறும் கதை என்றால் சிலுவை எதற்கு? யுத்தத்துக்குப் பிறகு எல்லாம் இழந்து நின்ற என்னை இந்த வசனம்தான் நிமிர்த்தியது. அதில் ஒரு செங்கல்லை உருவ நான் விடமாட்டேன்.

மடுக்காடு:
சகோதரம், உங்கட கேள்வி லேசானதில்லை. நானும் கிறிஸ்தவன்தான், வருசா வருசம் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலடியில கொட்டில் போட்டு இருக்கிற குடும்பம். எங்கட திருச்சபை இதில கனகாலம் யோசிச்சது. 1950இல பாப்பரசர் 12ஆம் பயஸ், உடல் முந்திய உயிரிலயிருந்து வந்ததோ எண்டு ஆராயலாம், ஆன்மாவை இறைவன் நேரே படைக்கிறார் எண்டார். எல்லா மனிதரும் ஒரு ஆதாமிலிருந்து வரேல்லை எண்ட கருத்தை அவர் ஏற்கேல்லை, அதையும் மறைக்கக்கூடாது. 1996இல 2ஆம் யோவான் பவுல், கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது எண்டு எழுதினார். பட்டாணியில பரம்பரை விதியைக் கண்ட மெண்டல் ஒரு துறவி.

ஆதியாகமத்தில சூரியன் நாலாம் நாள்தான் வருது. அப்ப முதல் மூண்டு நாளுக்கும் மாலையும் காலையும் எப்பிடி? எழுதினவருக்கு இது தெரியாமலோ? அவர் மணிக்கூட்டு நேரம் சொல்ல வரேல்லை எண்டுதான் நான் வாசிக்கிறன்.

சாட்சிவிளக்கு:
கர்த்தர் சூரியன் இல்லாமலும் வெளிச்சம் தர வல்லவர். அதுதான் அந்த வசனத்தின் பொருள்.

விதைநெல்:
புல் புல்லாகவே இருப்பதற்கு: ஆயிரம் ஆண்டில் நீங்கள் காண்பது ஓர் அடி. முதல் உயிருக்குச் சான்று ஏறக்குறைய 350 கோடி ஆண்டுப் பழமையானது. மீனுக்கும் நாலுகால் உயிருக்கும் இடைப்பட்டது எந்த வயதுப் பாறையில் இருக்க வேண்டுமென்று முதலே கணித்து, கனடாவின் வட துருவப் பக்கம் போய்த் தேடி, 2004இல் எடுத்தார்கள். ரிக்ராலிக் என்று பெயர். 37.5 கோடி ஆண்டு. செதிலும் உண்டு, கழுத்தும் உண்டு, செட்டைக்குள் மணிக்கட்டு எலும்பும் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் இரணைமடுவின் பெயராலேயே "இரணைமடுப் படிவம்" என்று புவியியலில் ஒரு மண்படை இருக்கிறது, பரலும் செம்மண்ணுமாக. தெற்கே பூந்தலப் பக்கம் அதே படிவத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் ஆண்டு வரை கணக்கிட்டிருக்கிறார்கள். வேதத்தை வைத்து உலகத்துக்குச் சிலர் சொல்லும் ஆறாயிரம் ஆண்டுக் கணக்கில் அந்தக் கற்களை எங்கே வைப்பீர்கள்?

திருநீற்றுமடல்:
விதைநெல் தம்பி, இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். வரிசை பற்றி நீங்கள் சொன்னது சரி. பாம்புக்கும் மனிதருக்கும் இடையில் கல் நிற்பதை ஐம்பது ஆண்டாக ஓதியும் நான் கவனிக்கவில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு அதை டார்வின் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன். அதை இங்கேயே மீளப் பெறுகிறேன்.

ஆனால் வாதத்தை விடவில்லை. சைவ சித்தாந்தத்தில் உயிர் படைக்கப்பட்டதே இல்லை. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. உடம்பு மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வருவது. மாயையிலிருந்து எந்த வழியால், எத்தனை கோடி ஆண்டில் என்று உங்கள் விஞ்ஞானம் கண்டுபிடிக்கட்டும். எங்களுக்கு ஆறு நாளும் இல்லை, ஆறாயிரம் ஆண்டும் இல்லை, ஆதாமும் இல்லை. குரங்கோடு உறவென்றால் கூசுவதற்கும் ஒன்றுமில்லை, நானே குரங்காகப் பிறந்திருப்பேன் என்றுதானே என் சமயம் சொல்கிறது.

விதைநெல்:
ஐயா, மீளப் பெறுகிறேன் என்று எழுத எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேள்வியையும் முழுதாகக் கேட்கிறேன். உடம்பு வினைக்கேற்ப வருகிறது என்பதும் உங்கள் சித்தாந்தம். மனிதர் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுதான். அதற்கு முன் 350 கோடி ஆண்டுக்கு உயிர்கள் இருந்தன, அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் மட்டும். நன்மை தீமை அறிந்து வினை செய்ய அப்போது யார் இருந்தார்? யாருடைய வினைக்கு அந்தப் பிறப்புகள்?

திருநீற்றுமடல்:
வினையும் அநாதி, புவனங்களும் இந்த ஒன்று மட்டும் அல்ல என்பது சாத்திரத்தின் விடை. என் மனம் அதில் அமைகிறது. உங்கள் அளவுகோலால் அதை அளக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விதைநெல்:
அளக்க முடியாததை நான் பொய் என்று சொல்லவில்லை ஐயா. கூர்ப்போடு இணங்குகிறது என்று சொல்லாதீர்கள் என்கிறேன். கூர்ப்பு அதைத் தொடவே இல்லை.

இதைவிட எனக்குப் பெரிய தடை ஒன்று உண்டு. இலைசுருட்டிப் புழுவுக்குள் முட்டை வைக்கும் ஒரு சின்னக் குளவி இருக்கிறது. குஞ்சுகள் புழு உயிரோடிருக்கவே உள்ளே இருந்து தின்னும். விவசாயிகளுக்கு அதை "நன்மை செய்யும் பூச்சி" என்று படம் காட்டிப் படிப்பித்தவன் நான். ஒருநாள் ஒரு புழுவைப் பிளந்து வில்லையால் பார்த்தேன், உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது, புழுவும் தலையை ஆட்டியது. இந்தக் குடும்பக் குளவியைத்தான் 1860இல் டார்வின், ஆசா கிரே என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கருணையுள்ள கடவுள் தெரிந்தே இதைப் படைத்தார் என்று தன்னை நம்பவைக்க முடியவில்லை என்று. கிரே கடைசிவரை பக்தியுள்ள கிறிஸ்தவராகவே இருந்து கூர்ப்பை ஆதரித்தவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் டார்வின் பக்கம். தப்பியவை மட்டும் நிற்க, மற்றதெல்லாம் அழிவதுதான் வழி என்றால், அந்த வழியைத் தெரிந்தெடுத்தவரை என்னால் கும்பிட முடியாது.

மடுக்காடு:
இதுக்கு என்னட்டப் பதில் இல்லை. சிலுவையில தொங்கிறவரைத்தான் நான் கும்பிடுறன் எண்டதை மட்டும் சொல்லுவன்.

வயற்கரை:
விதைநெல் தம்பி, குளவியும் புழுவும் எனக்குப் புதுசில்லை. 2009இல இவளுக்கு ஒரு வயசு, தமையனுக்கு ஆறு. கடைசிச் சண்டையில மாத்தளனால வெளிய வரேக்க இவளைத் தோளில கொண்டு வந்தனான். அவனைக் கொண்டு வரேல்லை. தப்பினது நிக்கிறது, மற்றது போறது எண்டு நீங்கள் எழுதினதை நான் இரண்டு தரம் வாசிச்சன். பதுங்குகுழியில எந்தப் பக்கம் இருந்தம் எண்டதுதான் எங்களுக்கும் வித்தியாசம்.

அண்டைக்கு அம்மாளாச்சியைக் கேட்ட கேள்வியை நான் ஒரு புத்தகமும் வாசிச்சுக் கேக்கேல்லை. இண்டைக்கும் பதில் வரேல்லை. பதில் கிடைச்சுத்தான் கோயிலுக்குப் போறன் எண்டு நினைக்காதேங்கோ. அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேக்க எனக்கு இருக்கிற இடம் அது ஒண்டுதான். பக்கத்தில பானை வைக்கிறவையிலயும் அப்பிடிக் கனபேர். கூர்ப்பு உண்மையெண்டு நாளைக்கே எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் எங்களுக்கு அந்த இடம் வேணும்.

விதைநெல்:
அக்கா, தெரியாமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

வாதத்துக்காக இல்லாமல் ஒன்று சொல்கிறேன். டார்வினின் மகள் ஆனி 1851இல் பத்து வயதில் நோயால் இறந்தாள். அவருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அதோடு போயிற்று என்று பலர் எழுதுகிறார்கள். மனைவி எம்மா நம்பிக்கையை விடவில்லை. கல்யாணமான புதிதிலேயே, உங்கள் ஐயங்கள் எனக்குப் பயமாக இருக்கின்றன என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். டார்வின் அதைச் சாகும்வரை வைத்திருந்தார். தான் இறந்த பிறகு அறிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதன் அடியில் எழுதி வைத்திருந்தார். இருவரும் ஒரே வீட்டில் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒருவர் மற்றவரை வெல்லவில்லை.

கொள்கைகள் இணங்காது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் "சோதினைக்கு மட்டும்" என்று பிள்ளைக்குச் சொன்னது பெரிய பிழை. அது இரண்டையும் அவமதிப்பது.

சாட்சிவிளக்கு:
சகோதரி, உங்கள் மகனுக்காக இன்றிரவு ஜெபிக்கிறேன். வாதம் பிறகு.

வயற்கரை:
எல்லாருக்கும் நன்றி. எல்லாத்தையும் மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றுப் பின்னேரம் சிறுபோக வயலுக்குக் களை பிடுங்கப் போனம். அவளும் வந்தாள். விதைநெல் தம்பி சொன்ன புல்லைத் தேடி ஒண்டைப் பிடுங்கி, பக்கத்தில ஒரு நெல்லையும் வைச்சு, இலை தண்டைத் தொடுற இடத்தை விரிச்சுக் காட்டினாள். நெல்லுக்கு அதில மெல்லிசாய் வெள்ளை நாக்கு ஒண்டு இருக்கு, காது மாதிரி மயிரும் இருக்கு. புல்லுக்கு ரெண்டும் இல்லை, வழுவழுவெண்டு இருக்கு. இருபது வருசமாய்க் களை பிடுங்கிறன், நடுநரம்பின்ர நிறத்தைப் பார்த்துத்தான் பிடுங்கிறனான், அதுவும் பாதி பிழைக்கும். "எல்லாத்திலயும் நெல்லு மாதிரி வந்திட்டுது அம்மா, இதில மட்டும் இன்னும் வரேல்லை" எண்டாள். பிறகு ஒரு பாத்தி முழுக்க நாக்குப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினாள். இருட்டுப்பட்டும் வரமாட்டன் எண்டிட்டாள்.

வாற திங்கள் பொங்கல். அதுக்கு முதல் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில, எண்ணெய்க்குப் பதிலாய்க் கடல்தண்ணி விட்டு ஏத்திற விளக்கு எரியும். அதைக் கிட்ட நிண்டு பார்க்கவேணும், கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டிருக்கிறாள். கும்பிடவோ, பார்க்கவோ எண்டு நான் கேக்கேல்லை.