சூடானதும் நின்றுபோகும் பழைய செயின்சா: கார்ப்ரேட்டரா, கரண்டா?

ஒரத்தநாட்டுத் தென்னை:
பெரியப்பாவின் பழைய ஜெர்மன் மெஷின், 106 சிசி, பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த மாடல். 2018 நவம்பரில் கஜா சாய்த்த தென்னைகளை அறுத்ததோடு சரி, அப்புறம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. இப்போது இரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு மரம் முடிவதற்குள் நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. கடையில் கார்ப்ரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பேராவூரணி:
டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும் தம்பி. நின்றதும் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் கோளாறு. பீடிக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மன்னை மெக்கானிக்:
மூடியையும் பாருங்கள், தப்பில்லை. கார்ப்ரேட்டருக்கு மட்டும் இப்போதே காசு கொடுக்காதீர்கள். நின்ற கையோடு, ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் இல்லை.

சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கிற பாயிண்ட் மெஷின் என்றால் நான் முதலில் கை வைப்பது பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரில்தான், அப்புறம் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலில். இரண்டுக்கும் உள்ளே இன்சுலேஷன் பழசாகிவிட்டால் சூடானதும் விட்டுவிடும், ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். கண்டென்சர் போனால் பாயிண்ட் முனையில் பொறி பறந்து கருகிக் குழி விழும்.

பாயிண்ட் பிளைவீலுக்கு அடியில் இருக்கிறது. பிளைவீலைக் கழற்றும் புல்லர் இல்லாமல் சுத்தியலோடு வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். முனையை மெல்லிய எமரியில் தேய்த்தபின், பெட்ரோலில் நனைத்த அட்டையை நடுவில் விட்டு இழுங்கள். தூள் தங்கினால் பாயிண்ட் சேராது. பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர்.

ஒரத்தநாட்டுத் தென்னை:
மூடி நன்றாக இருக்கிறது. பிளக் நனைந்திருந்தது, பாயிண்டில் குழியும் தெரிகிறது. இந்த மாடலுக்குக் கண்டென்சர் கிடைக்குமா அண்ணே?

மன்னை மெக்கானிக்:
அதே சாமான் கிடைக்காவிட்டால் பழைய பாயிண்ட் மொபெட்டின் கண்டென்சரைப் போட்டுப் பாருங்கள். உள்ளே இடம் போதாவிட்டால் வயரை வெளியே இழுத்து, கண்டென்சரைப் பாடியில் போல்ட் போட்டு இறுக்கலாம். பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள், எர்த் கிடைக்க வேண்டும்.

கார்ப்ரேட்டருக்குள் போடும் ரப்பர் டயாப்ரம் கிட்டும் ஒன்று வாங்கி வையுங்கள். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது. வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பெட்ரோலில் கலப்பது சாதாரண 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி.