பாசியும் எலியும்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு, அழிவை எதிர்நோக்கும் பாசி ஒன்றையும் எலி ஒன்றையும் ஒப்பிட வேண்டும்.

எலி, சேலம் குரும்பப்பட்டிப் பக்கம் மட்டுமே அறியப்பட்ட பெரிய பாறை எலி. பாசி, 39 கோடி ஆண்டுப் பழமையான தாக்காகியா குலத்தது. வேடிக்கை பாருங்கள்: ஓடத் தெரிந்த எலி ஒரே வட்டாரத்தில், வேர்கூட இல்லாத பாசி இமயத்திலும் அலாஸ்காவிலும்!

சிக்கல் பெயரில்தான். 'பாசி' என்றால் என் மாமியார் குளத்துப் பச்சையை நினைக்கிறார். அது வேறு இனம். பாறையில் மெத்தைபோல் படரும் இதற்குத் தனிச்சொல் உண்டா? சேலத்தில் உறவினர் உள்ளவர்கள், அந்த எலியை ஊரார் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்வீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.