ஸ்பெயினில் மூன்று மாதக் குளிர்கால வாடகை: நெர்ஹா வீடா, அலிகாந்தே ஃபிளாட்டா?

பேர்கன் மழைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நோர்வேயில் பேர்கனில் இருக்கிறோம். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். டிசம்பரில் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் வலி. இவர் ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் ஜனவரி முதல் வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரை ஸ்பெயினில் ஒரு வீடு எடுத்துத் தங்கலாம் என்று பார்க்கிறோம். கையில் இரண்டு வீடுகள் இருக்கின்றன.

முதலாவது நெர்ஹாவில், பழைய ஊருக்குள். 1970களில் கட்டி வெள்ளையடித்த வீடு, தரைத்தளம், நடுவில் சின்ன முற்றம், கடலுக்கு நடந்தே போய்விடலாம். மாதம் 900 யூரோ. மற்றது அலிகாந்தேயில், சான் ஹுவான் கடற்கரைக்குப் பக்கத்தில். 2009இல் கட்டிய பத்து மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி, தெற்குப் பார்த்தது. பார்க்க நம்ம ஊர் அரசாங்கக் குடியிருப்பு மாதிரி இருக்கிறது. மாதம் 1,050. இவருக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு எந்த ஊர் என்றாலும் சரி, அம்மாவுக்குக் குளிரக்கூடாது. எதை எடுக்கலாம்?

நெர்ஹா நேசன்

யோசிக்கவே வேண்டாம் அக்கா, நெர்ஹாதான். ஊருக்குப் பின்னாலேயே அல்மிஹாரா மலைத்தொடர் நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அது தடுத்துவிடும். ஜனவரியில் பகலில் 17 டிகிரி சாதாரணம். அந்தக் கரையில் மாம்பழமும் அவகாடோவும் வியாபாரத்துக்கே பயிரிடுகிறார்கள், சீதாப்பழத்தின் ஒன்றுவிட்ட தம்பியான செரிமோயாவும் உண்டு. உறைபனி விழுந்தால் மாமரம் பிழைக்குமா? மாமரம் தாங்கும் ஊரில் அம்மா தாங்க மாட்டாரா?

அதோடு சான் ஹுவான் பக்கம் கோடை வீடுகள் நிறைய. ஜனவரியில் பாதி ஜன்னல்களில் ஷட்டர் இறங்கியிருக்கும். நெர்ஹாவில் காலையில் கடலைப் பார்த்த ‘பால்கன் தே யூரோப்பா’ திடலில் போய் உட்கார்ந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும்.

அளவுகோல்

மாமரம் வெளியே வெயிலில் நிற்கிறது நேசன். அம்மா இரவு வீட்டுக்குள் அல்லவா தூங்கப் போகிறார்?

ஊரின் வெப்பநிலையைப் பார்த்து வீடு எடுப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் வேலை. நெர்ஹாவுக்குப் பக்கத்து மாலகா, அலிகாந்தே, சைப்ரஸில் பாஃபோஸ் என்று எதை எடுத்தாலும் ஜனவரியில் பகல் 17, இரவு 7 என்கிற கணக்கில்தான் இருக்கும். ஊருக்கு ஊர் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். வீட்டுக்கு வீடு வித்தியாசம்தான் பெரிது. அங்குள்ள பழைய வீடுகள் கோடை வெயிலைத் தடுக்கக் கட்டியவை: டைல்ஸ் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மத்திய ஹீட்டிங் கிடையாது. ஸ்பெயினில் கட்டடத்துக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்று விதி வந்ததே 1979இல்தான். அதற்கு முன் கட்டியவற்றில் பலவற்றின் சுவர்களுக்குள் ஒன்றுமே இருக்காது. வெளியே 17 இருக்கும்போது உள்ளே 14இல் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே ஏராளம்.

அடுத்தது சூரியன். நெர்ஹா இருப்பது 37 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே. ஜனவரி தொடக்கத்தில் நண்பகலிலேயே சூரியன் 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தக் கோணத்தில் 6 மீட்டர் உயரமுள்ள எதிர்வீட்டின் நிழல் 10 மீட்டருக்கு நீளும். பழைய ஊரின் தெரு எத்தனை மீட்டர் அகலம்? மூன்றோ நான்கோ. கணக்கு அவ்வளவுதான். அந்தத் தரைத்தள வீட்டில் வெயில் ஜன்னலைத் தொடவே மார்ச் ஆகிவிடும், அப்போது நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். முற்றத்துக்கும் இதே கதிதான். படத்தில் பளிச்சென்று தெரிகிறதே என்றால், அந்தப் படம் ஜூனில் எடுத்தது.

தெற்குப் பார்த்த நான்காவது மாடியில் இதே தாழ்ந்த சூரியன் பால்கனியைத் தாண்டி, ஹாலின் நடுவரைக்கும் வந்து உட்காரும். கோடையில் சூரியன் உச்சிக்குப் போய்விடுவதால் மேல்மாடி பால்கனியே நிழல் கொடுத்துவிடும். நம் வீடுகளில் வாஸ்து பார்த்துத் தெற்கு வாசல் வேண்டாம் என்பார்கள். அம்மா ஏதாவது சொன்னால் இதைச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

நெர்ஹா நேசன்

கோணமானி வைத்து யாரும் குளிர்காய்வதில்லை. நெர்ஹா இருக்கும் ஆந்தலூசியாவில் பாட்டிமார் எல்லாம் காலம் காலமாக அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். வட்ட மேசை, அதன் மேல் தரை தொடும் கனத்த துணி, அடியில் ஒரு சின்ன ஹீட்டர். காலைத் துணிக்குள் நுழைத்துக்கொண்டு சீட்டு விளையாடுவார்கள். முழங்கால் வலிக்கு அதைவிட இதமான ஏற்பாடு உண்டா? அதுவும் போதாவிட்டால் கேஸ் ஹீட்டர் இருக்கிறது. ஆரஞ்சு நிற சிலிண்டர், தெருவுக்கே வந்து விற்பார்கள்.

அளவுகோல்

அந்த ஆரஞ்சு சிலிண்டரில் 12.5 கிலோ பியூட்டேன் இருக்கிறது. ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் அது போவதற்கு வேறு வழியில்லை. ஒரு சிலிண்டர் தீரும்போது 19 லிட்டர் தண்ணீர் அறைக்குள் இறங்கியிருக்கும். குளிர்ந்த சுவரில் அது வியர்க்கும், வியர்த்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்பாக இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சூடு போய்விடும், மூடி வைத்தால் கார்பன் மோனாக்சைடு பயம். நிரம்பிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரப்போவதும் ஓய்வு பெற்ற அந்த அண்ணன்தான்.

வெதுவெதுப்பு என்றதும் மயோர்க்கா ஞாபகம் வருகிறது. 1838 குளிர்காலத்தில் பியானோ இசைமேதை ஷோபின் நெஞ்சு நோயோடு அந்தத் தீவுக்குப் போனார். தங்கியது வால்தெமோசா மலைக்கிராமத்து மடத்தில். ஈரத்திலும் குளிரிலும் நோய் முற்றிப்போய், 1839 பிப்ரவரியில் கிளம்பிவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த தீவு சரிதான், தங்கிய கட்டடம்தான் தப்பு.

மால்டா மருமகள்

அளவுகோல் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். மால்டாவில் கல்யாணம் செய்து வந்தவள் நான். இங்கே சுண்ணாம்புக் கல் வீடுகள், பார்க்க அரண்மனை. ஜனவரியில் வெளியே 15, 16 என்றாலும் காற்றில் எப்போதும் ஈரம்தான். வடகிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் படுக்கை விரிப்பைத் தொட்டால் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். துவைத்த துண்டு மூன்றாம் நாளும் காய்வதில்லை. நாங்கள் ஹீட்டரைவிட ஈரம் உறிஞ்சும் மெஷினைத்தான் அதிகம் ஓட்டுகிறோம், தினமும் வாளி நிறையத் தண்ணீர் கொட்டுகிறோம். வீட்டில் அந்த மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

தீவான்

எதற்கு இந்தப் பாடு? கனேரித் தீவுகளில் தெனெரிஃபே போங்கள். 28 டிகிரி அட்சரேகை, ஜனவரியில் பகலில் 20, 21. இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்கலாம். ஹீட்டர் என்ற பேச்சே வராது. ஆனால் தெற்குக் கரையில் எடுக்க வேண்டும், லோஸ் கிறிஸ்தியானோஸ் பக்கம். வடக்குக் கரையில் மேகம் வந்து நின்றுவிடும்.

பேர்கன் மழைக்காரி

தீவான், பார்த்தோம். விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அம்மா அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார மாட்டார். கனேரித் தீவுகள் இந்த முறை வேண்டாம்.

குரோய்டன்காரன்

எங்களைப் போல பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு முதல் கேள்வி வீடு அல்ல, நாள் கணக்கு. ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, ஸ்பெயினும் அதில் உண்டு. 180 நாளில் 90 நாள்தான் அதற்குள் இருக்கலாம். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துக் கணினியில் பதிய ஆரம்பித்துவிட்டார்கள், முத்திரை மங்கலாக இருந்தது என்ற கதையெல்லாம் இனி எடுபடாது. அதனால்தான் நாங்கள் சைப்ரஸ் போகிறோம். அது ஷெங்கனுக்குள் இல்லாதவரை அங்கே இருக்கும் நாட்கள் அந்த 90இல் சேராது. வண்டியும் இடது பக்கம் ஓடும், ஆங்கிலமும் போதும்.

அளவுகோல்

அக்காவுக்கு நோர்வே பாஸ்போர்ட் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால்தான் ஸ்பெயினில் பதிய வேண்டும். ஐரோப்பியச் சுகாதார அட்டையை மட்டும் அம்மாவுக்கு மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெர்ஹா நேசன்

சரி, அளவுகோலின் அலிகாந்தே வீட்டையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். 2006இல் புதிய கட்டடச் சட்டம் வந்தது, வெப்பக் காப்பு விதிகள் அதில்தான் இறுகின. ஆனால் 2009இல் முடிந்த கட்டடத்துக்கு அனுமதி அதற்கு முன்பே வாங்கியிருக்கலாம். அந்தக் காலத்தில் கட்டடம் கட்டும் மோகம் தலைக்கேறி அவசர அவசரமாகக் கட்டித் தள்ளினார்கள். 2009 என்ற எண்ணை நம்ப முடியாது. தெற்குப் பார்த்தது என்கிறீர்கள், தெற்கே எதிரில் என்ன இருக்கிறது? அங்கேயும் பத்து மாடி நின்றால் உங்கள் கணக்குப்படியே நிழல் 50 மீட்டருக்கு மேல் வருமே?

அளவுகோல்

நல்ல கேள்வி, அதைத்தான் கேட்க வேண்டும். சான் ஹுவானில் கட்டடங்களுக்கு நடுவே தோட்டமும் நீச்சல் குளமும் விட்டிருப்பார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. வீட்டுக்காரரிடம் வெயில் நாளில் நண்பகலில் ஹாலிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது எடுத்ததாக இருக்க வேண்டும். எரிசக்திச் சான்றிதழையும் கேளுங்கள். 2013 முதல் வாடகைக்கு விடும் வீடுகளுக்குப் பொதுவாக அது வேண்டும், A முதல் G வரை தரம் போட்டிருக்கும், A தான் சிறந்தது.

அதைவிட முக்கியமாக, மின்சாரம் எத்தனை கிலோவாட்டுக்கு ஒப்பந்தம் என்று கேளுங்கள். பழைய வீடுகளில் 3.45 இருப்பது சகஜம். நம் சமையலுக்கு இன்டக்‌ஷன் அடுப்பில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு, ஹாலில் ஆயில் ஹீட்டர், யாராவது கெட்டிலைத் தட்டினால் அத்தனையும் ட்ரிப் ஆகிவிடும். மீட்டரே வெட்டிவிடும், ஃபியூஸ் மாற்றிப் பயனில்லை. ஏசியில் சூடாக்கும் வசதி இருந்தால் ஆயில் ஹீட்டரைத் தொடாதீர்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏசி மூன்று யூனிட் சூடு கொடுக்கும், ஆயில் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான். படுக்கையறையிலும் ஏசி இருக்கிறதா, ஹாலில் மட்டுமா என்று பாருங்கள். ஹாலில் மட்டும் வைத்துவிட்டு ‘ஹீட்டிங் உண்டு’ என்று எழுதுவார்கள்.

மாலகா வாடகைக்காரன்

எல்லோரும் வெயிலைப் பங்கு போடுகிறீர்கள். நான் மாலகாவில் வருடம் முழுக்க இருப்பவன். 2023இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின் வாடகைக் கட்டுப்பாடுகள் நிரந்தரக் குடியிருப்புக்குத்தான், சில மாதங்களுக்கு மட்டும் போடும் பருவகால ஒப்பந்தத்துக்கு இல்லை. அதனால் வீட்டுக்காரர்கள் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை ஒருவருக்கு, கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு என்று பிரித்து விடுகிறார்கள். இங்கே வேலை செய்பவனுக்கு வீடு கிடைப்பதில்லை. 2024 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். நானும் போனேன்.

நெர்ஹா நேசன்

அதற்கு அக்கா என்ன செய்வார்? கோடை வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறவர் யார் வீட்டைப் பிடுங்குகிறார்?

மாலகா வாடகைக்காரன்

அக்காவைக் குறை சொல்லவில்லை. சான் ஹுவான் ஃபிளாட் கோடையில் மட்டும் உரிமையாளர் வந்து தங்கும் வீடாக இருந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை, அது குளிர்காலத்தில் எப்படியும் பூட்டித்தான் கிடக்கும். நெர்ஹா பழைய ஊருக்குள் இருக்கும் வீடு அப்படியல்ல, அதில் ஒரு குடும்பம் இருந்திருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே.

ஒப்பந்தம் பற்றியும் ஒன்று. பருவகால ஒப்பந்தத்துக்குச் சட்டப்படியான டெப்பாசிட் இரண்டு மாத வாடகை, நிரந்தரக் குடியிருப்புக்குத்தான் ஒரு மாதம். இரண்டு மாதம் கேட்டால் ஏமாற்று என்று பயப்படாதீர்கள். வீட்டைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் அனுப்பச் சொன்னால் பயப்படுங்கள். மின்கட்டணம் வாடகைக்குள் என்றால் எத்தனை யூரோ வரை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சூடாக்குவதற்கு ஆகும் செலவு முழுக்க அந்த வரம்புக்கு மேல்தான் வந்து நிற்கும்.

பேர்கன் மழைக்காரி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். அலிகாந்தேக்காரர் வீடியோ அனுப்பினார்: எதிரில் டென்னிஸ் கோர்ட், வெயில் சோபா வரை வருகிறது. 4.6 கிலோவாட், மூன்று அறையிலும் ஏசி, சான்றிதழில் E. மின்கட்டணம் மாதம் 60 யூரோ வரை அவர் பொறுப்பு. ஆகஸ்டில் அவர்கள் குடும்பமே வந்து தங்குகிறதாம். நெர்ஹாக்காரர் பழைய படங்களையே திரும்ப அனுப்பிவிட்டு, ‘இந்த ஊரில் குளிரே கிடையாது, ஒரு கேஸ் ஹீட்டர் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.

அலிகாந்தேதான் என்று நினைக்கிறேன். இவர் இன்னும் மனம் மாறவில்லை, கடலை விட்டுவிட்டு டென்னிஸ் பார்க்கவா போகிறோம் என்கிறார்.

நெர்ஹா நேசன்

அண்ணன் பக்கம்தான் நான். ஆனால் அந்தத் தரைத்தள வீடு வேண்டாம், அதில் அளவுகோல் ஜெயித்தார். நெர்ஹாவிலேயே பழைய ஊருக்கு வெளியே, தொரெசியா கடற்கரைப் பக்கம் தெற்குப் பார்த்த மாடி ஃபிளாட்டுகள் இருக்கின்றன. ஏசி உள்ளதாகப் பார்த்து இரண்டு மூன்று விளம்பரம் எடுத்து இன்றிரவு உள்பெட்டியில் போடுகிறேன். அலிகாந்தேக்கு இன்னும் பணம் கட்டவில்லையே?

அளவுகோல்

போடுங்கள். எத்தனை கிலோவாட் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நெர்ஹா மேடு பள்ளமான ஊர், லிஃப்ட் வாசலிலிருந்தே தொடங்குகிறதா, ஏழெட்டுப் படி ஏறிய பிறகா என்பதையும் கேளுங்கள். முழங்கால் வலி அம்மாவுக்கு.