கொந்தகைக் கையேடு: புதைமேடா, பதுக்கையா, ஈமமேடா?

மதுரையிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொந்தகை, கீழடி அகழாய்வு இடங்களுக்குக் கூட்டிப்போகிறோம். கையேடு நாளைக் காலை அச்சகம் போக வேண்டும். இறந்தவரைப் புதைத்து மேலே மண்ணோ கல்லோ குவித்த மேட்டுக்கு என்ன சொல்? 'புதைமேடு' என்று எழுதினேன்; புதைமணல் நினைப்பு வருகிறது என்கிறார்கள்.

திருமங்கலத்திலிருந்து:
பதுக்கை இருக்கிறதே, டீச்சர்! புறநானூறு 3: 'அம்பு விட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை'. புதுசாக எதற்கு?

மேலூரிலிருந்து:
பதுக்கை கற்குவியல் ஐயா, மண்மேட்டுக்கு ஆகாது. பிள்ளைகளுக்குப் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசிதான். என் கட்சி 'ஈமத்திடல்'. பந்தர் பந்தலானதுபோல் திடர் திடலானது, கடைசி எழுத்து மாறும் கடைப்போலி. திட்டு, திட்டை, கல்திட்டை எல்லாம் ஒரே வேர். திண்ணையும் அதுதான் என்பேன். கீழடியில் தோண்டிய இடமே பள்ளிச்சந்தைத் திடல்தானே?

திருமங்கலத்திலிருந்து:
திண்ணைவரை வந்தாயிற்று, அப்படியே அடுப்பங்கரைக்குள் போய்விடாதீர்கள். கீழடித் திடல் மனிதர் வாழ்ந்த மேடு. புதைத்தது கொந்தகையில். அப்புறம், ஈமம் என்றால் பிணம் சுடும் விறகடுக்கு. புதைப்பதற்கு அது எப்படிப் பொருந்தும்?

மேலூரிலிருந்து:
புறநானூறு 256-ல் கணவனை இழந்தவள் குயவனிடம், எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்று கேட்பது 'ஈமத்தாழி'. தாழி என்பது இறந்தவரை வைத்துப் புதைக்கிற பெரிய மண்பானை; அதில் வைத்துச் சுட்டார்களா? ஈமச்சடங்கு உதவித்தொகைக்கு மனு எழுதாத ஊர் உண்டா? சொல் எல்லாருக்கும் தெரியும்.

திருப்புவனத்திலிருந்து:
முதலில் ஒன்று: கொந்தகையில் கண்ணுக்குத் தெரிகிற மேடே கிடையாது. பிள்ளைகள் மேட்டைத் தேடப் போகிறார்கள்! குழிக்குள் எட்டிப் பார்த்தால்தான் தாழி தெரியும். வாய் விரிசல் விட்டிருக்கும், உள்ளே இறுகிய மண்ணில் எலும்பு, பக்கத்தில் கறுப்பு சிவப்புக் கிண்ணம். மணிமேகலையும் 'தாழியிற் கவிப்போர்' என்று தாழியில் வைத்துப் புதைப்பவர்களைத் தனியாகச் சொல்கிறது. இடுகாடு போல 'தாழிக்காடு' போடுங்கள். மேட்டுச் சொல்லை வேறு ஊருக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து:
நல்ல வேளை சொன்னீர்கள். குழிகளைத் தோண்டியபடியே விட்டுக் காட்டுவதைத் திறந்தவெளி அருங்காட்சியகம் என்றே எழுதலாமா?

மேலூரிலிருந்து:
திறந்தவெளி என்றதும் சிறைச்சாலைதான் ஞாபகம் வருகிறது. 'களக்காட்சியகம்' எப்படி?

திருப்புவனத்திலிருந்து:
2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தார்களே, செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டடம், அதுவும் களத்துக்குப் பக்கத்தில்தான். களக்காட்சியகம் என்றால் எது என்று கேட்பார்கள். அரசு வைத்த பெயரே இருக்கட்டும்.

மதுரையிலிருந்து:
சரி. கொந்தகைக்குத் தாழிக்காடு, பொதுவாக, திடலுக்குப் பதில் மேடு வைத்து ஈமமேடு, திறந்தவெளி அப்படியே. மணி பதினொன்று, அனுப்பிவிட்டேன்.

திருமங்கலத்திலிருந்து:
பதுக்கையை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.

மேலூரிலிருந்து:
மேடு அல்ல, திடல். காலையில் விரிவாக எழுதுகிறேன்.